வலது கை மீது ஒரு பிராது

கொளஞ்சியம்மாளின் இடது கை, பொம்மையின் தலையைப் பின்புறமாகத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கையில், நடு மயிர்களை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்த தூரிகை. அதன் நுனியில் கறுப்புச் சாயம். முதலில் மேலிமை. மூக்கை ஒட்டிய மூலையில் தொட்டு, வெளியே போகப் போக அழுத்தத்தைக் குறைத்து, கடைசியில் தூக்கிவிட வேண்டும். தூக்கும் அந்த இடத்தில்தான் பார்வை இருக்கிறது. அங்கே ஒரு நெல்முனை அதிகம் போனாலும் சாந்தமான முகம் சண்டைக்காரன் முகமாகிவிடும். அழித்துத் திருத்தவும் வழியில்லை. முதல் சூடு மட்டும் கண்டு, பளபளப்பு ஏறாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும் பொம்மைக்குப் பட்டறையில் பிஸ்கட் என்று பெயர். டீயில் தோய்த்த பிஸ்கட்டைப் போலவே அது ஈரத்தைக் குடித்துவிடும். போட்ட கோடு போட்டதுதான்.

தூரிகை மூலையைத் தொட்டது. பாதி இமை ஒழுங்காக வந்தது. அப்புறம் கை தன் போக்கில் ஒரு குதி குதித்தது. கோடு இமையைத் தாண்டி, நெற்றிப்பொட்டைத் தாண்டி, காது மடலில் போய் நின்றது.

பக்கத்து மேசையில் அங்கிகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த ஜெசி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சூசையப்பரு கண்ணடிக்கிறாரு."

"பெத்லகேம் வரைக்கும் நடந்த ஆளு. கண்ணுல தூசி வுழுந்திருக்கும். நீ நீலத்த வழிய வுடாம தடவு" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியம்மாள் சூசையப்பரை உடைசல் கூடையில் சாய்த்து வைத்தாள். அங்கே அவருக்குத் துணையாக ஏற்கெனவே ஓர் இடையனும் ஒரு ராஜாவும் இருந்தார்கள். இடையன் புருவம் உயர்த்தி அதிர்ச்சியில் இருந்தான். ராஜாவுக்கு ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்த்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கண் திறக்கிறவர்கள் மிகக் குறைவு. உடம்பை அச்சு கொடுத்துவிடும். துணிமணிக்கு யார் வேண்டுமானாலும் சாயம் தடவலாம். கண்ணுக்கு மட்டும் ஆளைத் தேடித்தான் உட்கார வைப்பார்கள். பிலோமின்ராஜின் பட்டறையில் அந்த ஆள் கொளஞ்சியம்மாள். பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, ஆட்டோ ஓட்டும் அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். முதலில் அவளுக்குக் கிடைத்தது கரண்டு ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சுரண்டும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் குப்பை மேட்டில் கிடந்த பிஸ்கட் துண்டுகளைப் பொறுக்கிவந்து, அடுத்தவர் கழுவி வைத்த தூரிகையால் கண் போட்டுப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்களை அவள் முறைத்துப் பார்த்து, இரண்டு முறை வசவும் ஒரு முறை கல்யாணச் சம்பந்தப் பேச்சும் வாங்கியிருக்கிறாள். இப்படியே பல வருடம் குப்பை மேட்டில் படித்துவிட்டுத்தான் அவள் நல்ல பொம்மையைத் தொட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொம்மையைச் சூளைக்கு ஏற்றும்வரை விடமாட்டாள். தூசி துடைத்து, அடியைத் தடவிப் பார்த்து, அடுக்குகிறவனைத் திட்டி, திரும்ப அடுக்க வைத்து உயிரை வாங்குவாள். சூளைக் கதவு அடைபட்டதும், "இனிமே அது சூளை பாடு" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். ஒரு முறை சூடு எகிறி, மாப்பிள்ளை பெண் பொம்மைகள் அத்தனையும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பட்டறையே தலையில் கை வைத்து உட்கார்ந்தது. இவள் விளக்குமாறை எடுத்து வந்து, "இவ்ளோ பிரியமா இருக்குற ஜோடிய நான் பாத்ததே இல்ல" என்று கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த தட்டுக்குச் சாயம் கரைத்தாள். நெஞ்சு இரும்பு என்று சிலர் சொன்னார்கள். இரும்பு இல்லை. அன்று சாயம் கரைத்தபோது அதில் இரண்டு சொட்டு கண்ணீரும் விழுந்தது. தண்ணீர் அளவு கூடிவிட்டதே என்று அவள் கொஞ்சம் சாயப்பொடியைச் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த வழக்கத்துக்கு இப்போதுதான் சோதனை. கரண்டு போய்ப் போய் வந்த இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஆடி மாதத்தில் நடுக்கம் தொடங்கியது. கை சும்மா மடியில் கிடந்தால் பரம சாது. எதையாவது குறிவைத்துப் போனால்தான் ஆட்டம்; குறி நெருங்க நெருங்க ஆட்டமும் கூடும். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். கோடு போடச் சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை, மாத்திரை கொஞ்சம் அடக்கும், முழுவதும் போகாது, வயது ஏற ஏறக் கூடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னபடியே மாத்திரை கொஞ்சம் அடக்கியது. அந்தக் கொஞ்சம் சோறு தின்னப் போதும். இமை போடப் போதாது.

சூசையப்பர் கூடைக்குப் போன அன்று பிலோமின்ராஜ் வந்து கூடைக்குள் பார்த்தார். முதலாளி என்றாலும் அவள் எதிரில் குரல் உயர்த்தாத ஆள்.

"அக்கா, கோயில் குடிலுக்குக் கேட்டது மதலேனா டீச்சரு. பழைய செட்டு மழையில ஊறிப் பூடுச்சின்னு புதுசா கேக்குறாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி குடுத்தாவணும்."

"தெரியும் மொதலாளி."

"உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. திட்டக்குடியில ஒரு பையன் பெயிண்ட் பண்றானாம், வரச்சொல்லலாம். நீங்க பேக்கிங்கப் பாத்துக்குங்க. உக்காந்த எடத்துல வேலை."

வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது கேவலமான வேலை இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் குப்பை மேட்டிலிருந்து அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவளுக்கு, மேசையை விட்டு எழுந்திருப்பது என்றால் உடம்பில் ஏதோ ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது.

"இந்தச் செட்ட முடிச்சிக் குடுக்குறேன். சரியில்லன்னா நானே வைக்கோலுக்குப் போயிடுறேன்" என்றாள்.

அன்று சாயந்தரம் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அர்ச்சுனன் உள்ளே வந்தான். நெற்றியில் விபூதி. முகத்தில் ஏதோ பெரிய காரியம் முடித்த திருப்தி.

"கட்டிட்டு வந்துட்டேன்" என்றான்.

"இன்னாத்த?"

"பிராது."

பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரிப்பார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தால் போய் வாபஸ் வாங்க வேண்டும். அர்ச்சுனன் இந்தச் சலுகையைத் தாராளமாகப் பயன்படுத்துகிற ஆள். ஆட்டோ ஸ்டெப்னி காணாமல் போனதற்கு ஒன்று, நடுப்பகலில் கூவும் எதிர்வீட்டுச் சேவல் மேல் ஒன்று, டீயில் தண்ணீர் ஊற்றும் கடைக்காரன் மேல் ஒன்று. உலகத்தில் நடக்கிற எதற்கும் ஒரு எதிரி இருந்தே தீரவேண்டும் அவனுக்கு.

"திரும்பவும் சேவலா?"

"சேவலு இல்ல. உன் கை மேல."

கொளஞ்சியம்மாள் அரிசி களைவதை நிறுத்தினாள். "என் கை மேலயா?"

"வலது கை மேல மட்டும்தான். எடது கை ஒழுங்காத்தான இருக்குது, அத எதுக்கு இழுக்கணும்?"

"எதிரி பேருன்னு இன்னா எழுதுனீங்க?"

"கொளஞ்சியம்மாள் வலது கை. விலாசம் மேற்படி."

"மேற்படின்னா?"

"புருசங்காரன் விலாசந்தான். குருக்களு கூடக் கேட்டாரு, வாதியும் எதிரியும் ஒரே வூட்லயா இருக்குறீங்கன்னு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்ததால் இரண்டும் தொண்டையில் இடித்துக்கொண்டு இருமலாக வெளியே போயின.

"சிரிக்காத. கேஸு நடக்கசொல்ல எதிரி வேலை செய்யக் கூடாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ பட்டறைக்குப் போவாத."

"எந்தக் கோர்ட்டுல அப்படி இருக்குது? ஜாமீன்ல வந்தவன்லாம் வேலைக்குப் போவல?"

"ஜாமீனு யாரு போட்டா?"

"நான்தான். எம்மேல நம்பிக்கை இல்லியா உங்களுக்கு?"

அர்ச்சுனன் பட்டென்று பாயில் உட்கார்ந்தான். சத்தம் குறைந்த குரலில், "தூங்குறப்ப அந்தக் கை சும்மாத்தான் இருக்குது, கொளஞ்சி. நான் பாத்துருக்கேன். அப்புறம் எதுக்கு உன்ன இப்படிப் பண்ணுது?" என்றான்.

அவன் கேட்டது அவளுக்குள்ளும் கிடந்தது. இத்தனை வருடம் தன் வேலை இது, சூளை வேலை இது என்று கோடு கிழித்து வைத்திருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுவதும் தன்னுடையது என்றிருந்தாள். இப்போது தோளிலிருந்து தொங்குகிற கையே அந்தப் பக்கம் போய் நிற்கிறது. சரி, போகட்டும். சூளையிடம் யாரும் கெஞ்சுவதில்லை. கையிடம் மட்டும் எதற்குக் கெஞ்ச வேண்டும்? கோட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிழித்தால், தன் பக்கம் என்ன மிச்சம்? கண் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். அந்தத் தெரிதல் நடுங்கவில்லை. அரிசியை உலையில் போடுகிறவரை இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். விடை எதுவும் கிடைக்கவில்லை. சோறு மட்டும் கொஞ்சம் குழைந்துவிட்டது.

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைத்தது. கரண்டு போயிருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் போயிருக்க, அர்ச்சுனனுக்கு மட்டும் தன் வீட்டு ஃபியூஸ் மேல் சந்தேகம். கட்டையை உருவி, புகைக்கரியைத் துணியால் துடைத்து அவளிடம் கொடுத்தான்.

"கம்பி நல்லாத்தான் இருக்குது. கரண்டு ஆபீஸு மேலதான் பிராது போடணும்."

அவள் கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பீங்கான் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதில் அச்சிலேயே குழிந்து வந்திருந்த எண் மட்டும் கரியைப் பிடித்துக்கொண்டு, கன்னங்கரேலென்று, ஓரம் பிசகாமல் தெரிந்தது. துடைத்தவனுக்கு எண்ணின் ஓரத்தைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. அவன் கை கண்டபடி போய் வந்ததுதான். பள்ளத்தில் இருந்த கரி அப்படியே இருந்தது.

"ஏங்க, இன்னொரு தடவ கரியத் தடவித் துடைங்க."

"எதுக்கு?"

"தடவுங்க சொல்றேன். கைய நல்லா ஆட்டிக்கிட்டே துடைங்க."

அவன் ஆட்டிக்கொண்டே துடைத்தான். எண் அசையவில்லை. அவள் கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டதால், கரண்டு வந்த பிறகும் அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.

மறுநாள் அவள் மூல உருவங்களைக் கேட்டு வாங்கினாள். பிளாஸ்டர் மாவில் செய்து அலமாரியில் வைத்திருப்பவை அவை. அவற்றின் மேல்தான் அச்சு எடுப்பார்கள். மூல உருவத்தின் முகத்திலேயே இமையைக் குழியாகச் செதுக்கிவிட்டால், அச்சில் அது ஏறும். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையிலும் பள்ளமாக இறங்கும். அதன்மேல் கறுப்பைத் தண்ணீரில் கரைக்காமல் பொடியாகவே தடவி ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும்; ஈரம் இல்லாவிட்டால் பிஸ்கட் குடிக்காது. துடைக்க நடுக்கம் தடை இல்லை. செதுக்கும்போது கை நடுங்காதா என்று ஜெசி கேட்டாள்.

"நடுங்கும். ஆனா பிஸ்கட்டு மாதிரி பிளாஸ்டருக்குப் புடிவாதம் கெடையாது. தப்பாப் போனா மாவ அடைச்சிட்டு மறுபடி கீறலாம். அது சலிச்சிக்காது. நானும் சலிச்சிக்க மாட்டேன்."

துணி சுற்றிய செங்கல்லில் மணிக்கட்டைப் படுக்க வைத்தாள். சைக்கிள் கம்பியைத் தேய்த்துச் செய்த கூர்முனையால் இழுக்காமல் சுரண்டினாள். கை எகிறியபோதெல்லாம் மாவை வைத்து அடைத்து, காயவிட்டு, மறுபடி சுரண்டினாள். ஒரு காலத்தில் ஒரு மூச்சில் போட்ட இமைக்கு இப்போது ஒரு முழுக் காலை போனது. அச்சு எடுக்கும் தர்மராஜ் வந்து பார்த்துவிட்டு, "மாதா மூஞ்சியில நீ அடைச்ச மாவுல இன்னொரு மாதாவே செஞ்சிருக்கலாம்" என்றார். "அடுத்த வருசம் வாங்க, செஞ்சி வைக்கிறேன்" என்றாள்.

முதல் வெள்ளோட்டத்துக்கு இடையன் ஒருவனை மட்டும் சுட்டார்கள். சூளையிலிருந்து வந்தவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"மந்தையக் காவல் காக்க வேண்டிய ஆளு, அக்கா. நல்லாத் தூங்குறாரு" என்றாள் ஜெசி.

தப்பு எங்கே என்று கொளஞ்சியம்மாளுக்கு உடனே தெரிந்தது. தூரிகைக்காரி புத்தியில் கோட்டை மயிரிழையாகக் கீறிவிட்டாள். மேலே ஊற்றிய கிளேஸ், அதாவது பளபளப்புக்கான பூச்சு, சூட்டில் கண்ணாடியாக உருகி, அந்த மெல்லிய பள்ளத்தில் ஒட்டியிருந்த துளிக் கறுப்பையும் கரைத்து மூடிவிட்டது. தூரிகைக்கு மெல்லிசு அழகு. குழிக்கு ஆழம் வேண்டும். பத்து வருடம் ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு சுரண்டியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் குட்டும் குறி தவறிக் காதோரத்தில் விழுந்தது. ஜெசி சிரித்த சிரிப்பில் நீலம் கவிழ்ந்தது.

மறுபடி எல்லா முகங்களிலும் கண் கோட்டை ஆழமாக்கினாள். மழை பிடித்துக்கொண்டதால் அச்சுகள் காயவில்லை. அடுப்பு மூட்டி அதைச் சுற்றி அச்சுகளை உட்கார வைத்தார்கள். பண்டிகைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு சூளைக்குத்தான் நேரம் இருந்தது. பொம்மைகளுக்குக் கறுப்பைத் தடவி அவளே துடைத்தாள். கை ஆடியது, ஸ்பாஞ்சு ஆடியது, கண்கள் ஆடவில்லை. அடுக்குகிறவனை வழக்கம்போலத் திட்டினாள். கதவு அடைபட்டதும் கையைக் கழுவிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போய்விட்டாள்.

அர்ச்சுனனால் அப்படிப் போக முடியவில்லை. ஆட்டோவைச் சூளை வாசலிலேயே போட்டுவிட்டு, சவாரி வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். மதியம் கரண்டு போய்ச் சூளைக்குக் காற்றடிக்கும் மெஷின் நின்றபோது, கரண்டு ஆபீஸை அவன் திட்டிய திட்டு ஜங்ஷன் வரை கேட்டதாக ஜெசி சொன்னாள். கரண்டு திரும்ப வந்தது, திரும்பப் போனது. அர்ச்சுனன் வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க நின்றான்.

"நெருப்பு எறங்கிப் பூடுச்சி. நீ இன்னாடான்னா கத்தரிக்கா நறுக்கிக்கினு இருக்குற!"

"நான் வந்து நின்னா நெருப்பு ஏறுமா?"

"அதுக்காவ?"

"அதுக்காவத்தான் நறுக்குறேன். நீங்க காலைலருந்து சாப்புடல. உக்காருங்க." அவள் கத்தரிக்காயில் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் விழுந்துகொண்டிருந்தது. "அப்புறம் ஒரு சேதி. நாளைக்கு மணவாளநல்லூரு போயி அந்தப் பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடுங்க."

"நடுக்கந்தான் நிக்கலியே. எப்படி வாபஸ் வாங்குறது?"

"வாதியும் எதிரியும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்லுங்க. அது அதும் பாட்டுக்கு ஆடட்டும், நான் எம்பாட்டுக்கு வேலையப் பாக்குறேன். ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருந்தாவணும். கேஸு போட்டுக்கினு இருந்தா எப்படிச் சோறு துன்றது?"

அவன் அவளைப் பார்த்தான். கையைப் பார்த்தான். "சேவலு மேல போட்டத வாபஸ் வாங்க மாட்டேன்" என்றான்.

"அது உங்க இஷ்டம்."

சாயந்தரம் கரண்டு வந்து நெருப்பு மறுபடி ஏறியது. சூளை ஆறித் திறந்தபோது ஒட்டகத்தின் ஒரு கால் அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டு முறிந்திருந்தது. ஓர் ஆட்டுக்கு முதுகில் கொப்புளம். மற்றவர்கள் நன்றாக வந்திருந்தார்கள். இடையன் விழித்திருந்தான். பிலோமின்ராஜ் மாதாவை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அக்கா, மூல உருவ மேசைய ஜன்னல் பக்கமாத் தள்ளிப் போடச் சொல்றேன். செதுக்க வெளிச்சம் வேணுமில்ல. அடுத்தது கொலு செட்டு" என்றார்.

"செங்கல்லு இன்னொண்ணு வேணும் மொதலாளி. இது தேஞ்சி பூடுச்சி" என்றாள்.

மதலேனா டீச்சர் சாயந்தரம் வந்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திய கண். பொம்மைகளை வரிசையாக மேசையில் நிறுத்தச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒட்டகத்திடம் நின்றார்.

"காலு?"

"வைக்கோல்ல உக்கார வெச்சிடுங்க, டீச்சர். பாலைவனத்துலருந்து வந்துருக்குது, பாவம்."

டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். "கொளஞ்சிம்மா, முன்னெல்லாம் நீங்க செஞ்சா ஆளுக்கு ஒரு பக்கம் பாக்கும். ஒருத்தர் வானத்த, ஒருத்தர் கொழந்தைய. இதுங்க எல்லாம் ஒரே மாதிரி நேராப் பாக்குதுங்களே."

ஜெசி தூரிகையை நிறுத்திவிட்டாள். வாசலில் நின்ற அர்ச்சுனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கொளஞ்சியம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாம் டீச்சர்" என்றாள். "கை நடுங்குது. தூரிகையில இனிமே வராது. கண்ண மூலத்துலயே செதுக்கிட்டேன். ஓரப் பார்வை செதுக்குற அளவுக்கு எனக்கு இன்னும் படியல. நேரப் பார்வைதான் படிஞ்சிது."

டீச்சர் ஒரு ராஜாவைக் கையில் எடுத்தார். இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு அவரை மேசையில் வைத்து, தோளைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். அடுத்த ராஜாவையும் திருப்பினார்.

"கண்ணு திரும்பலன்னா ஆளையே திருப்பி வெச்சிக்கிறேன். அதுல இன்னா?" என்றார். "பாலன் எங்க?"

பாலனை அவள் தனியாக, தன் பழைய முந்தானைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எடுத்துத் துணியை விலக்கினாள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கை கால்களை உயர்த்திக்கொண்டு, விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நீட்டியதும் கை ஆடத் தொடங்கியது. நெருங்க நெருங்க ஆட்டம் கூடியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கால் உதைக்கிற மாதிரி இருந்தது பார்க்க. அர்ச்சுனன் ஓடி வந்து தாங்கப் போனான். ஜெசி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

கொளஞ்சியம்மாள் அவசரப்படவில்லை. மதலேனா டீச்சர் இரண்டு கைகளையும் சேர்த்து அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்திக் காத்திருந்தார். அவள் அதை மெதுவாக அந்தக் கைகளுக்குள் இறக்கினாள்.